தனிப் பட்டன் வேண்டாம்

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. அதிலிருந்து வலது காலில் கேலிப்பர் என்ற இரும்புத் தாங்கியை மாட்டித்தான் நடக்கிறேன். இடது கால் அழுத்தி விழும். வலது கால் ஒரு அரைவட்டம் போட்டு வந்து சேரும்.

படிப்பு முடிந்ததும் கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை கிடைத்தது. முதலாளியையும் சேர்த்து ஆறு பேர். அசைவை அறியும் சென்சார் வைத்த செல்போன்கள் அப்போதுதான் கடைக்கு வர ஆரம்பித்திருந்தன. போனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் எத்தனை அடி நடந்தோம் என்று காட்டும் அப்ளிகேஷன் ஒன்றை வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகச் செய்துகொண்டிருந்தோம்.

சோதித்துப் பார்க்க, கூட வேலை செய்யும் ஆண்கள் காலையில் பீச் ரோட்டில் நடந்துவிட்டு வருவார்கள். அவர்கள் சொல்லும் எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. போனை என் பக்கம் யாரும் நீட்டியதில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நானே அதை எடுத்துச் சுடிதார் பையில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். வியர்க்க வியர்க்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். எடுத்துப் பார்த்தால் பூஜ்யம். கெட்டுவிட்டதோ என்று நின்ற இடத்திலேயே கையில் வைத்து ஆட்டினேன். மளமளவென்று ஏறியது. கையை ஆட்டினால் நடை, நான் நடந்தால் நடை இல்லை.

கீழே வந்து புரோகிராம் எழுதியவரிடம் காட்டினேன். என் வயதுக்காரர். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல ஒரே அளவு நேரம் இருந்தாத்தான் நடைன்னு எடுத்துக்கும்ங்க. இல்லன்னா சும்மா ஏதோ ஆடுதுன்னு தள்ளிடும்" என்றார்.

முதலாளி காதில் விழுந்தது. "இது வாக்கிங் போறவங்களுக்கும்மா. நீ ரிப்போர்ட்ல பாஸ்னு போட்டு அனுப்பிடு."

"நானும் பஸ் ஸ்டாப்லேர்ந்து நடந்துதான சார் வரேன்? பறந்தா வரேன்?"

"உன்ன யாரும் ஒண்ணும் சொல்லலியேம்மா."

"போன் சொல்லுதே சார்."

உட்கார்ந்து 'ஃபெயில்' என்று அடித்தேன். அவர் குரல் ஏறியது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும் என்றார். "அப்ப நீங்களே பாஸ்னு போட்டுக்குங்க சார். ஆனா எம்பேர எடுத்துடுங்க" என்றேன்.

மறுநாள் காலையில் முதலாளி என் மேஜைப் பக்கமே வரவில்லை. புரோகிராம்காரர் மட்டும் லேப்டாப்போடு வந்து, "இன்னொரு தடவ நடக்கறீங்களா? கிராஃப பாக்கணும்" என்று கேட்டார். மாடியில் நடந்தேன். திரையில் ஒரு கூர்மையான முகடு, அடுத்து தாழ்வாக, அகலமாக ஒரு மேடு, மறுபடி முகடு. கடைசிவரை அப்படியே போனது. "அட, மாறவே இல்லீங்க!" என்றார். இரண்டு காலையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதை விட்டுவிட்டு, இடது அடியை அடுத்த இடது அடியோடு ஒப்பிடும்படி மாற்றி எழுதினார். சாயங்காலத்துக்குள் என் அடிகள் ஏற ஆரம்பித்தன. கூடவே, பஸ்ஸில் உட்கார்ந்து போனால் அந்தக் குலுக்கலும் அடியாகக் கொஞ்சம் ஏறியது.

முதலாளி யோசித்துவிட்டுச் சொன்னார். "சரி, செட்டிங்ஸ்ல ஊனமுற்றோர்னு தனியா ஒரு பட்டன் வெச்சுடலாம். வேணுங்கறவங்க அமுக்கிக்கட்டும்."

எனக்கு நல்லது செய்வதாகவே அவர் நினைத்தார். "வேணாம் சார்" என்றேன்.

"உனக்காகத்தாம்மா சொல்றேன்."

"பஸ்ல தனி சீட்டு குடுங்க, வாங்கிக்கறேன். நடக்கறதுக்கு எதுக்கு சார் தனியா? முட்டி வலிக்காரங்க, மாசமா இருக்கறவங்க, கால்ல கட்டுப் போட்டவங்க எல்லாரும் அந்தப் பட்டன அமுக்கிட்டுத்தான் நடக்கணுமா?"

"பஸ்ல உக்காந்திருக்கறவனும் நடந்ததா காட்டுதேம்மா!"

"காட்டட்டும் சார். அவருக்கு நாலு அடி கூட வரும். எனக்கு நடந்ததே வராது. எது பெரிய தப்பு?"

அவர் புரோகிராம்காரரைப் பார்த்தார். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவங்க சொல்றது சரிதான் சார்" என்றார்.

"என்னவோ பண்ணுங்க" என்று முதலாளி எழுந்து போய்விட்டார். பட்டன் இல்லாமலேயே வெள்ளிக்கிழமை அனுப்பினோம். ரிப்போர்ட்டில் என் பெயர் இருந்தது.

அன்று சாயங்காலம் முதலாளியே எல்லோரையும் பீச் ரோட்டுக்குக் கூட்டிப் போனார். மற்றவர்கள் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். நான் என் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். கடலோரச் சுவரில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்த ஒரு பெண்மணி என் காலைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். "ஏம்மா, இந்தக் கால வெச்சுக்கினு எதுக்கு இவ்ளோ தூரம் நடக்கற? வா, இப்புடி உக்காரு."

"திரும்பி வரும்போது உக்கார்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வரும்போதும் உட்காரவில்லை.