சத்தியத்துக்குப் பதிலாக

நான் பொய்ச் சத்தியக்கடதாசி கொடுத்தவள். என் தம்பி ஒருபோதும் மணம் முடிக்காதவன் என்று எழுதி, கீழே கையெழுத்தும் வைத்தேன்.

அவனுக்கு மணமானது எனக்குத் தெரியாதா? தெரியும்! மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து கிடந்த நாட்களில், பாதர் ஒருவர் மரத்தடியில் அவசரமாக நடத்திவைத்த கலியாணம் அது. மாப்பிள்ளையின் அக்கா என்ற முறையில் தோழியாக நின்றவள் நான். றெஜினாவின் கழுத்தில் அவன் கட்டிய தாலிக்கயிறு அவிழாதபடி முடிச்சை இறுக்கியவளும் நான்தான். பதிவு மட்டும் எங்கும் மிஞ்சவில்லை... அந்தத் துணிவுதான் எனக்கு.

பிறகு நான் கலியாணம் கட்டி ஜெர்மனிக்கு, எசன் நகருக்கு வந்தேன். றெஜினாவைப் பின்னால் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுத் தம்பியும் வந்தான். அவனுடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இங்கே விசா உள்ள ஒரு பெண், பாவம், எதுவும் அறியாமல் அவனைக் கட்டச் சம்மதித்தாள்.

"அக்கா, எழுதித் தராட்டி என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்று அழுதான். கூடப் பிறந்தவன் அழும்போது... நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

திருமணப் பதிவு அலுவலகத்தில் ஒரு பெண்மணி நிதானமாக விளக்கினாள். இது வெறும் வாய்ப்பேச்சு இல்லையாம். சத்தியத்தின் இடத்தில் நிற்கும் உறுதியுரையாம். அறிந்ததை அறிந்தபடியே சொல்ல வேண்டும். பொய்யென்றால் தண்டனை உண்டு. விளங்கியதா என்று கேட்டாள். "யா, யா" என்று தலையாட்டினேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... தண்டனைக்கு நான் பயப்படவில்லை. பைபிளுக்குத்தான் பயந்தேன்! அதன்மேல் கை வைக்கச் சொல்வார்களோ என்று வழியெல்லாம் நடுங்கினேன். மேசையில் பைபிள் இல்லை, சிலுவையும் இல்லை. அப்பாடா என்றிருந்தது! கை வைக்காவிட்டால் அது சத்தியமே இல்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மாதாவுக்குக் காது கேளாது என்றா நினைத்தேன்? சீ... என்ன மனுஷி நான்!

தம்பி இப்போது மியூனிக்கில் குடும்பமாக இருக்கிறான்.

போன ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மன்னாரிலிருந்து றெஜினா கோல் எடுத்தாள்.

"மச்சாள், சனம் ஒவ்வொரு கதை கதைக்குது. அவர் அங்க வேற கட்டிட்டாராம். ஓமோ?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இல்லையெண்டு நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம்."

இங்கே கடதாசி இல்லை, அதிகாரி இல்லை, தண்டனையும் இல்லை. உண்மையைச் சொல்ல என்ன தடை? சொன்னால் அவன் மாட்டுவான், அவனோடு நானும் மாட்டுவேன்... அவ்வளவுதான். பெரிய காரணம் எதுவும் தேடாதீர்கள்.

"இல்லையடி, சும்மா கதை" என்றேன்.

"அது காணும் மச்சாள்." அவள் குரலில் அப்படியொரு நிம்மதி! "முடிச்சுப் போட்டதே நீங்கள்தானே. நீங்கள் எனக்குப் பொய் சொல்லுவீங்களோ?"

மாட்டேன் என்று... அதற்கும் உறுதி சொன்னேன்.