கோழிக்கூட்டிலிருந்து வந்த எல் கமினோ

பிள்ளைகளே, "அப்பா, எங்கட அந்த நீலம் மாக்கினாவோ காமியோனோ?" என்று நீங்கள் இருவரும் இன்னமும் கேட்டுச் சிரிக்கிறீர்கள். காரா, லொறியா என்றால் இரண்டும்தான். முன்பக்கம் அகன்ற முகமுள்ள அமெரிக்கக் கார். மூன்று பேர் தோள் முட்டாமல் இருக்க ஒரே நீள இருக்கை. கதவோடு கூரை முடிந்துவிடும். அதற்குப் பின்னால் திறந்த பெட்டி. யாரோ காரை வெட்டிச் செய்ததல்ல, தொழிற்சாலையிலேயே அப்படிப் பிறந்தது. எல் கமினோ என்று பெயர். இந்த நகரத்தில் கால்சாவிலிருந்து ஒரேத்தோவுக்கு வீடு மாறிய எத்தனை தமிழ்க் குடும்பங்களின் கட்டிலையும் அலுமாரியையும் அது சுமந்தது! ஞாயிற்றுக்கிழமை கழுவி விட்டால் மாப்பிள்ளைக் கார்போல நிற்கும்.

ஆனால் என்னிடம் இரண்டு எல் கமினோ இருந்தன. அந்தக் கதை உங்களுக்குத் தெரியாது.

போர் முடிந்து நாங்கள் இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்த மூன்றாம் வருடம். கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிட்ட வயதான இத்தாலியப் பெண்மணியின் வீட்டில் எனக்குத் தோட்ட வேலை, உங்கள் அம்மாவுக்கு வீட்டு வேலை. சிஞ்ஞோராவின் கணவர் இளமையில் அமெரிக்காவில் உழைத்து, திரும்பும்போது அந்த நீல வண்டியைக் கப்பலில் கொண்டுவந்தவர். அவர் இறந்த பிறகு அது கராஜில் துணி போர்த்தபடி கிடந்தது. ஒருநாள் கராஜைத் துப்புரவாக்கச் சொன்னார்கள். துணியை இழுத்தேன், பொனட்டைத் திறந்தேன். வன்னியில் டிராக்டர் திருத்தியவன் நான், கை சும்மா நிற்குமா? உள்ளே ஓர் ஆள் இறங்கி நின்று வேலை செய்ய இடம் இருந்தது. எந்த நட்டையும் எட்டித் தொடலாம். ஒளித்து வைத்தது ஒன்றும் இல்லை. என்றோ ஒருநாள் எவனோ ஒருவன் இதைத் திருத்துவான், அவனுக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாது என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். எனக்கு அந்த மனிதர்கள்மேல் மரியாதை வந்தது.

சிஞ்ஞோரா பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். "விருப்பமெண்டால் நீயே எடு," என்றார். "ஆனால் ஓடினால், ஒருக்கா என்னைக் கடற்கரையாலை கொண்டுபோக வேணும். அவர் கொண்டுபோன மாதிரி."

கோடை முடிய அவரை மகள் மிலானுக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. அதற்குள் ஓட வேண்டும்.

எஞ்சின் இரண்டு மாதத்தில் உயிர்த்துவிட்டது. கியர் மட்டும் பிடிக்கவில்லை. ஒரேத்தோவில் ஒரு மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தத் தீவிலை இதுக்குச் சாமான் இல்லை," என்று கையைத் துடைத்தான். பிறகு அவனே, நகரத்துக்கு வெளியே ஒலிவ் தோட்டக்காரர் ஒருவர் இதேபோல் ஒன்றில் கோழி அடைத்திருப்பதாகச் சொன்னான். போய்ப் பார்த்தேன். மண்ணிற எல் கமினோ. எஞ்சின் துருவாகிவிட்டது, கியர்பொக்ஸ் நல்லது. நாலு ஞாயிறு புல்லு வெட்டிக் கொடுத்ததற்கு அவர் வண்டியைத் தந்தார்.

அதை ஒரு லொறியில் ஏற்றி வந்த அன்று தமிழ்ப் பூசை முடிந்த நேரம். மாதா கோவில் முற்றத்தில் நிறுத்தச் சொன்னேன். நம் ஆட்கள் பழைய ஸ்கூட்டர் வாங்கினாலும் முதலில் ஃபாதரிடம் மந்திரிக்கத்தானே கொண்டுபோவோம்? யோசிக்கவே இல்லை.

"புதுசோ?" என்றார் ஃபாதர்.

"ஓம் ஃபாதர்."

"உள்ளுக்கை இறகு கிடக்குது?"

"கோழி இருந்தது, ஃபாதர்."

பின்னால் நின்ற ஓர் அண்ணை, "தம்பி, இனி முட்டைக்கும் லைசென்ஸ் எடுக்க வேணுமோ?" என்றார். முற்றமே சிரித்தது. ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். அம்மா சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தபோது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். எங்கள் வண்டி லொறியின் மேலே நின்றதால், பழத்தை நசுக்கியது லொறியின் சக்கரங்கள்தான்.

மறுநாள், எங்கள் கட்டடத்தின் பின்முற்றத்தில் இறக்கி வைத்த அந்த வண்டியின் கீழே நட்டுச் சாவியோடு படுத்தேன். அம்மா வந்தார்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?"

"கியர்பொக்ஸைக் கழட்டப்போறன்."

"மந்திரிச்ச வாகனத்தையோ!"

"உதுக்குத்தானே எடுத்தது."

"அப்ப ஏன் ஃபாதரிட்டைக் கொண்டுபோனனீங்கள்?"

நான் சாவியை நட்டில் மாட்டினேன்.

"தீர்த்தம் பட்டதைப் பிரிச்சால் பிள்ளையளுக்குக் கூடாது. நான் விடமாட்டன்."

பத்து நாள் போயிற்று. மொண்டெல்லோவில் நீலம் எஞ்சின் உறுமியபடி நின்ற இடத்திலேயே நின்றது. சிஞ்ஞோராவின் அலுமாரிகளை அம்மாதான் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலையால் வந்து அரிசி கழுவும்போது சொன்னார்.

"எல்லாத் தொப்பியும் கட்டியாச்சு. ஒண்டை மட்டும் வெளியிலை வைச்சிருக்கிறா. ஏன் எண்டு கேட்டன். காருக்காம்."

அம்மா அரிசியை உலையில் போட்டார்.

"இஞ்சாருங்கோ. உயிரோடை இருக்கிற ஆள் கிட்னி குடுக்கிறேல்லையே? அப்பிடி அது ஒண்டை மட்டும் எடுங்கோ. மிச்சத்திலை கை வைக்கப்படாது."

"அந்த ஆளுக்கு இருதயம் ஏற்கெனவே துருப்பிடிச்சுப்போச்சு."

"பகிடி விடாதேங்கோ. எடுக்கேக்கை ஒருக்காச் செபம் சொல்லுங்கோ."

சொன்னேன்.

கழற்றிய கியர்பொக்ஸை நீலத்தில் பூட்டினேன். சிஞ்ஞோரா புறப்படுவதற்கு முதல் நாள் காலை, நீங்கள் பள்ளிக்கூடத்தில். சிஞ்ஞோரா கதவோரம் தொப்பியோடு, அம்மா நடுவில், நான் ஓட்டினேன். அந்த நீண்ட வண்டி திரும்பும் அழகே தனி: முகம் முதலில் போகும், பெட்டி பின்னால் மெல்ல, ஆறுதலாக வரும். கடற்கரையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"மெதுவாப் போ," என்றார் சிஞ்ஞோரா. "அவர் வேகமா ஓடுவார். நான் ஒவ்வொரு நாளும் ஏசுவன்."

மெதுவாகப் போனேன். குடாவின் முடிவில் திருப்பும்போது சிஞ்ஞோரா என் பக்கம் சாய்ந்தார்.

"இனி வேகமா."

காலை அழுத்தினேன். அந்த எஞ்சின் முழுக்குரலில் பாடியதை அன்றுதான் நான் கேட்டேன். சிஞ்ஞோரா கண்ணை மூடிக்கொண்டு, தன் கணவரை ஏசுவதுபோல், என்னைக் கண்டபாட்டுக்கு ஏசிக்கொண்டே வந்தார். அந்த முகத்தைப் பார்க்கக் கூடாதென்று, அம்மா அவர் இருந்த ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

பின்னேரம் நான் தனியாகப் பின்முற்றத்துக்குப் போனேன். மண்ணிற வண்டியின் நாலு டயரும் காற்றுப்போய்ச் சப்பையாகக் கிடந்தன. அது இனி எங்கும் போகப்போவதில்லை. கால் பம்ப்பை எடுத்துவந்து, ஒவ்வொன்றாக, நாலுக்கும் காற்றடித்தேன்.