பூனாவுக்குச் சிவப்பு

எங்கள் வீட்டில் எந்த ஊரின் பெயரை எடுத்தாலும் முதலில் வருகிற கேள்வி, "அங்க நமக்கு யாரு இருக்கா?" என்பதுதான். அந்த ஊரில் குளிருமா, தண்ணீர் கிடைக்குமா, சம்பளம் கட்டுப்படியாகுமா என்பதெல்லாம் பொறவு. சொந்தக்காரர் ஒருவராவது இருந்தால்தான் அது ஊர். இல்லையென்றால் அப்படி ஒன்று இருப்பதாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கோ அப்படிப்பட்ட ஊர்தான் வேண்டியிருந்தது. என்னை யாருக்கும் தெரியாத ஓர் ஊர், அதில் ஓர் அறை, அந்த அறையில் நான் மட்டும். இதில் என்ன கொலைக்குற்றம் இருக்கிறதென்று அன்றும் எனக்கு விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். அப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை. வருகிற பஸ்ஸின் நேரத்தைக் குறிப்பதும், நேரம் முடிந்தும் ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கிற பஸ்ஸை விசிலடித்து விரட்டுவதும் அவர் பாடு. எனக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் போக வர பஸ்தான். அந்த ரூட்டில் ஓடுகிற டிரைவர், கண்டக்டர் அத்தனை பேருக்கும் நான் 'டைம் கீப்பர் மக'. கண்ணாடியில் பார்த்து, "என்னம்மா, இன்னைக்கு லேட்டா?" என்று டிரைவர் கேட்பார். லேட்டென்றால் லேட், அவருக்கென்ன வந்தது?

ஒருநாள் மாலை, கூட வேலை பார்க்கிறவன் ஒருவனுக்குப் பிறந்தநாள் என்று நாலைந்து பேர் பஞ்சு மார்க்கெட் பக்கம் புரோட்டா சாப்பிடப் போனோம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்பா டிவியைப் பார்த்தபடியே சொன்னார்.

"சால்னா ரொம்ப ஊத்தித் தின்னியாமே. வயித்துக்கு ஆகாதுல்லா?"

கண்டக்டர் யாரோ பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறார். எத்தனை புரோட்டா என்பதும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், கேட்கத்தான் இல்லை. திட்டியிருந்தாலாவது திருப்பிச் சண்டை போட்டிருக்கலாம். அப்பா திட்டுகிற ஆளே இல்லை. எல்லாம் தெரியும் என்பதை மட்டும் தெரியப்படுத்திவிடுவார். எனக்கு மூச்சு முட்டும்.

அதனால்தான் யாருக்கும் சொல்லாமல் வெளியூர் வேலைகளுக்கு மனுப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு கம்பெனி போனில் இன்டர்வியூ வைத்தது. மில்லின் சாப்பாட்டு நேரத்தில், பஞ்சுப் பொதி அடுக்கியிருக்கும் கொட்டகைக்குப் பின்னால் நின்று பேசினேன். காதிலும் மூக்கிலும் பஞ்சு. நடுவில் ஒரு தும்மல் வேறு. அப்படியும் எடுத்துக்கொண்டார்கள். சென்னை, கோயம்புத்தூர், புனே மூன்று இடத்திலும் ஆபீஸ் இருக்கிறது, எது வேண்டுமென்று திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார் போனில் பேசிய பெண். என்னைப் பார்த்து ஒருவர் 'எது வேண்டும்' என்று கேட்டதே எனக்குப் பெரிதாக இருந்தது. அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சும்மா சிரித்துக்கொண்டே வந்தேன். அதுவும் அப்பாவுக்குப் போயிருக்கும்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான், நான் ஒரே பிள்ளை. சாப்பாட்டில் உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அப்பா சந்தோஷப்பட்டார், அதைச் சொல்லாமலிருக்கக் கூடாது. இரண்டு முறை சம்பளம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அப்புறம் ஆரம்பித்தார்.

"சென்னையின்னா ஒங்க மாமா இருக்காரு. வீட்டோட தங்கிக்கிடலாம். கோயமுத்தூருன்னா அத்தை இருக்கா."

சென்னை மாமா, அம்மாவின் அண்ணன். அவர் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குக் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். கோயம்புத்தூர் அத்தைக்கு ஒரு மகன். அவனுக்குப் பெண் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்வது தப்பு. தேடவே இல்லை, நான் இருக்கிறேன் என்கிற தைரியத்தில் சும்மா இருந்தார்கள். அத்தை வீட்டுக்குப் பெட்டியோடு போனால் அங்கேயே தாலியைக் கட்டி உட்கார வைத்துவிடுவார்கள்.

"நான் புனேக்குப் போறேன்ப்பா."

"பூனாவா? அங்க நமக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"பொறவு?"

யாரும் இல்லாததால்தான் போகிறேன் என்று சொன்னால், "அப்படி என்ன செய்யப்போற?" என்று வரும். ஒன்றும் செய்யப்போவதில்லை. சால்னாவை ஊற்றிச் சாப்பிடுவேன், அதை யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அம்மா குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வீட்டில் எந்தப் பேச்சென்றாலும் அவள் அப்படித்தான், சட்டியோடு கிளம்பிவிடுவாள்.

இரண்டு நாள் இழுபறி. நான் சாப்பிடாமல் படுத்துப் பார்த்தேன், அழுது பார்த்தேன். அத்தை போன் பண்ணி, மாடி அறையை வெள்ளையடித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். கடைசியில் அப்பா முடிவாக ஒரு வழி சொன்னார்.

"நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை ஆத்தா கோயில்ல பூப்போட்டுப் பாத்துருவோம். சென்னையா, கோயமுத்தூரான்னு அவ சொல்லட்டும்."

எங்கள் தெருமுனையில் ஒரு மாரியம்மன் கோயில். கல்யாணம், வீடு, ஆபரேஷன், எதுவானாலும் எங்கள் வீட்டில் அங்கே பூப்போட்டுப் பார்க்காமல் நடக்காது. ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. தனித்தனியாகப் பொட்டலம் கட்டி ஆத்தாளின் காலடியில் போடுவார்கள். இந்தப் பூ வந்தால் இன்னது என்று போடுகிறவர் மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். பிரித்துப் பார்த்த பிறகுதான் நினைத்ததைச் சொல்வது. எங்கள் வீட்டில் எப்போதும் பூப்போடுவது அம்மா. அவள் கை ராசி என்பது அப்பாவின் நம்பிக்கை.

என் கோபத்தைச் சொல்லி மாளாது. மூன்று ஊரில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்குக் கிடைத்த வாய்ப்பை இரண்டாக்கி, அந்த இரண்டையும் சாமியிடம் கொடுத்தாகிவிட்டது. எந்தப் பூ வந்தாலும் எனக்குப் பூட்டுதான். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, வெட்டக் கொண்டுபோகிற ஆடு கணக்காகப் பின்னால் நடந்தேன்.

அம்மா பொட்டலங்களைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். அப்பா கனைத்தார். பூசாரி ஒன்றை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். பிரித்தாள். செவ்வரளி.

"செவப்பு வந்துருக்கு," என்றார் பூசாரி.

"செவப்புன்னா எது நெனச்ச?" என்றார் அப்பா.

அம்மா பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பூனா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா ஒன்றும் புரியாமல் பூசாரியைப் பார்த்தார், ஆத்தாளைப் பார்த்தார், மறுபடி அம்மாவைப் பார்த்தார்.

"பூனா எங்கருந்து வந்துச்சு? நான் ரெண்டு ஊருதான சொன்னேன்?"

"நீங்க சொன்னீய. கண்ணை மூடி நிக்கையில பூனாதான் வந்துச்சு. வந்ததைத் தள்ளிட்டு வேறயா நெனைக்க முடியும்?"

"வெள்ளைக்கு என்ன நெனச்ச?"

"எடுக்காத பூவைப் பத்திப் பேசக் கூடாதுங்க."

அப்பா இன்னொரு தடவை போடலாமா என்று பூசாரியிடம் இழுத்தார். "ஒரு காரியத்துக்கு ஒருக்காதான் சார். ஆத்தாட்ட போயி மறுபடி மறுபடி கேட்டுக்கிட்டு நிக்கலாமா?" என்று பூசாரி திருநீற்றை நீட்டிவிட்டார். அப்பா வாங்கிப் பூசிக்கொண்டார். அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும்? அவரே கூட்டிவந்த இடம். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது.

கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது அப்பா கடைசியாகக் கேட்டார்.

"எல்லாஞ் சரி. ஆத்தா சொல்லிட்டா. ஆனா ஒத்தையில ஒரு பொம்பளப் பிள்ள, அங்க நமக்கு யாரு இருக்கா?"

"நான் இருப்பேன்," என்றாள் அம்மா. "நானும் இவகூடப் போறேன்."

அப்பா சிரித்தார், விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. ஒரு அறை, அதில் நான் மட்டும் என்று எத்தனை மாதமாகச் சேர்த்து வைத்த ஆசை. பூட்டைத் திறந்த கையே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று மில்லில் கணக்கு ஓடவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். 'நீ வர வேண்டாம்மா, நான் தனியா இருக்கணும்.' இதில் கோபம் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை, நேராகச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். அப்பா டூட்டியிலிருந்து வரவில்லை. அம்மா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"எம்மா, நெசமாவே செவப்புக்குப் பூனான்னா நெனச்ச?"

"சாமி காரியத்துல பொய் சொல்லுவாகளா? செவப்புக்குப் பூனான்னுதான் நெனச்சேன்." ஒரு மொச்சையை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள். "வெள்ளைக்கும் பூனான்னுதான் நெனச்சேன்."

அடிப்பாவி! சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். இருவரும் முட்டி இடிக்கச் சிரித்தோம். அப்படியே அவள் மடியில் விழப்போனேன், மனப்பாடம் செய்த வாக்கியம் நினைவுக்கு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எனக்காகவாம்மா அப்படிச் செஞ்ச?"

"பாதி ஒனக்காக."

"மீதி?"

விரலுக்குள் ஒரு மொச்சையை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஏட்டி, பத்தொம்பது வயசுல வ. புதுப்பட்டியிலருந்து இங்க வந்தேன். வண்டி ஏறி எறங்குனா அம்புட்டுதான் தூரம். ஒங்கப்பா காலை டூட்டின்னா இருட்டோட எந்திரிச்சிச் சோறு வடிக்கேன். மத்தியான டூட்டின்னா அதுக்குத் தக்கன வடிக்கேன். அவிய நல்ல மனுசந்தான், குத்தம் சொல்லல. ஆனா நான் கடைக்குப் போயிட்டு வந்தாலும், எந்தக் கடையில நின்னேன்னு எனக்கு முந்தி அவியளுக்குத் தெரிஞ்சிரும். ஒனக்கு மட்டுந்தான் மூச்சு முட்டுதுன்னு நெனச்சியாட்டி?"

உரித்த தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"ஒன்கிட்டயாவது மூணு ஊரு பேரு சொல்லி, எது வேணும்னு கேட்டாக. என்கிட்ட ஒருத்தரும் ஒரு ஊரும் கேக்கல. கொஞ்ச நாளைக்குத்தான் வாரேன். பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிரு."

அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்கலாம். அவள் கேட்டிருப்பாள், கோபித்துக்கொள்ளாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருப்பாள். அதுதான் பயம். அப்பாவோடு இரண்டு நாள் மல்லுக்கட்ட முடிந்தது. இவளிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. என்னை யாராவது வலுக்கட்டாயமாகப் பிடித்து வைத்திருந்தால் பிய்த்துக்கொண்டு ஓடலாம். தானும் வெளியே போக வேண்டும் என்று கையைப் பிடிக்கிறவளை எப்படி உதறுவது? அழுகையாக வந்தது. மொச்சையை அள்ளி நானும் உரிக்க ஆரம்பித்தேன்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போன் செய்து புனே என்றேன். லேடீஸ் ஹாஸ்டல் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், வீடுதான் பார்க்க வேண்டும், இரண்டு பேர் என்றேன்.

அம்மா சொன்னது விளையாட்டில்லை என்று புரிந்து அப்பா இரண்டு வாரம் உர்ரென்று திரிந்தார், ஆனால் என்னை ஒத்தையில் அனுப்பவும் அவருக்கு மனசில்லை. அம்மா அவருக்குக் குக்கரில் சோறு வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். எத்தனை விசில் என்று தினமும் கேட்டார், தினமும் மறந்தார்.

புறப்பட்ட அன்று மதியம் அவருக்கு டூட்டி. மதுரை போய் ரயில் ஏறுவதாக ஏற்பாடு. பெட்டிகளை அப்பாவே தூக்கி பஸ்ஸில் வைத்தார். கண்டக்டரிடம், பார்த்துக் கூட்டிட்டுப் போப்பா என்றார். டிரைவரிடமும் போய் அதையே சொன்னார். எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று தண்ணீர் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றோம். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னார். சரி என்றோம். மறுபடி தண்ணீர் இருக்கிறதா என்றார். பஸ்ஸின் நேரம் தாண்டிவிட்டது. பின்னால் அடுத்த பஸ்காரர் ஹாரன் அடித்தார். ஒரு நிமிஷம் பிந்தினாலும் ஊரே கேட்கிற மாதிரி ஊதி விரட்டுகிற மனுஷன், விசிலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

அம்மா என்னைத் தாண்டி ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"நேரம் ஆச்சுல்லா. ஊதுங்க."

அப்பா ஊதினார். பஸ் கிளம்பியது. நான் எழுந்து நின்று பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவில், அடுத்த பஸ்ஸைக்கூட அனுப்பாமல் அப்பா அதே இடத்தில் நின்றிருந்தார். எனக்கு அழுகை நிற்கவில்லை. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வரும் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.