கழுத்திலும் நோவு

போர் முடிந்த வருடம் தொடையெலும்பு முறிந்து மட்டக்களப்பில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பெண்கள் வார்ட்டில் எனக்கு அடுத்த கட்டிலில், முழங்காலுக்குக் கீழே வலது கால் எடுக்கப்பட்ட ஒருத்தி இருந்தாள். மெலிந்து, வெயிலில் கறுத்த உடம்பு. ஊர் வாகரைப் பக்கம், ஷெல் பட்டது என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நாட்களில் யாரும் யாரையும் அதிகம் கேட்பதில்லை.

புண் ஆறியும் நோவு விடவில்லை. பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் விரிப்பைத் தடவிக்கொண்டே இருப்பாள்.

ஒரு நாள் காலை, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் தாதி அவளருகே வந்து நின்றார். வாசலில் வழக்கம்போல ஒரு சிப்பாய்.

"தங்கச்சி, பெரிய டொக்டர் புது ஊசி ஒண்டு போடப் போறார். அது ஒருவகை நஞ்சுதான். துளியளவு போட்டா இறுகின தசை இளகும், நோவு குறையும். குப்பி வந்திட்டு."

குப்பி. பிடிபட்டால் கடிப்பதற்கென்று போராளிகள் கழுத்தில் கட்டியிருந்த நஞ்சுக்கு எங்கள் ஊர்களில் அதுதான் பெயர். அவள் கை சட்டென்று தன் வெறுங்கழுத்துக்குப் போய் எதையோ தேடியது.

சிப்பாய் திரும்பிப் பார்த்தான். மிஸ்ஸியின் முகம் வெளிறியது. பிறகு வாசலுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"கழுத்திலயும் நோவா, புள்ள?"

"ஓம் மிஸ்ஸி. கழுத்திலயும்தான்."

ஊசி போட்டபின் கால் நோவு மெல்ல மெல்லத் தணிந்தது. விரிப்பைத் தடவுவதை விட்டுவிட்டாள். கழுத்துப் பக்கம் மட்டும் அவள் கை அதன்பிறகு போகவே இல்லை, நுளம்பு வந்து அங்கே குந்திக் கடித்தபோதும்கூட.