போச்சே சார்

எலியேசர் மாமா தாம்பரத்தில் ஒரு கிளப்பில் இருபத்திரண்டு வருடமாக மார்க்கர். ஸ்னூக்கர் மேசையைத் துலக்குவது, குழியில் விழுந்த பந்தை எடுத்து வைப்பது, புள்ளியைச் சத்தமாகச் சொல்வது எல்லாம் அவர் வேலை. துணையில்லாமல் வரும் மெம்பரோடு ஆடவும் வேண்டும். ஆடலாம், ஜெயிக்கக் கூடாது. இந்த விதி எங்கும் எழுதப்படவில்லை. எல்லா மார்க்கருக்கும் தெரியும். ஆட்டத்தைக் கடைசி கறுப்புப் பந்துவரை இழுத்து வந்து, அதைக் குழி வாயில் நூலிழையில் தவறவிட வேண்டும். "அடடா, போச்சே சார்!" என்று மாமா சொல்வார். மெம்பர் அதை உள்ளே தட்டிவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்.

1974இல் மார்க்கர்களுக்கென்றே ஒரு போட்டி வைத்தார்கள். ஆட்டத்தால் சம்பளம் வாங்குகிறவர்களை மற்ற போட்டிகளில் சேர்ப்பதில்லை. இதில் ஜெயிப்பவர் கல்கத்தா போய் மார்க்கர்களுக்கான பெரிய போட்டியில் ஆடலாம். மாமா செங்கல்பட்டைத் தாண்டியதில்லை. தபீதாள் அத்தை பல்லாவரம் சந்தையில் அவருக்கு ஸ்வெட்டரே வாங்கி வைத்துவிட்டார்.

இறுதி ஆட்டம் மாமாவின் கிளப்பிலேயே நடந்தது. அத்தையோடு நானும் பார்க்கப் போயிருந்தேன். எதிராளி சைதாப்பேட்டை சம்பத், அவரும் பழைய மார்க்கர். ஆளுக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். ஐந்தாவதில் மேசைமேல் கறுப்பு மட்டும் மிஞ்சியது. அதைப் போடுபவருக்குக் கல்கத்தா.

மாமா அடித்தார். பந்து குழி வாயில் போய் நின்றது. சின்னப் பிள்ளைகூடப் போட்டுவிடும் என்று நினைத்தேன். சம்பத் அடித்தார். பந்து குழியின் விளிம்பில் இடித்துக்கொண்டு வெளியே வந்தது.

"அடடா, போச்சே சார்!" என்றார் சம்பத்.

மாமாவை ஏன் சார் என்கிறார்? புரியவில்லை. மாமா குனிந்தார், அடித்தார். "போச்சே சார்!"

இப்படி ஒன்பது தடவை. முதலில் சிரித்தவர்கள் பிறகு அடங்கிவிட்டார்கள். நடுவராக நின்ற செயலாளர் கஸ்தூரிரங்கன் சார் கோபப்பட்டார்.

"என்னய்யா, வேணும்னே விடறீங்களா?"

"இல்ல சார், கை கேக்கமாட்டேங்குது" என்றார் மாமா. சட்டை முழுக்க வியர்வை. அடுத்த அடியும் தவறியது.

கதவோரம் நின்ற அத்தைக்குப் பொறுக்கவில்லை. "இன்னாங்க! எதிர்ல நிக்கிறது மெம்பர் இல்லீங்க! உங்களமாதிரி மார்க்கருதான்!"

கூடமே சிரித்தது. சம்பத் மட்டும் சிரிக்கவில்லை. அடிக்க வேண்டிய முறை அவருடையது. மாமாவை ஏற இறங்கப் பார்த்தார், குனிந்தார். கறுப்பு நேராக உள்ளே போனது. மாமா பழக்கத்தில் குழிக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்து, சம்பத்தின் புள்ளியைச் சத்தமாகச் சொன்னார்.

வீட்டுக்கு நடந்தபோது மாமா சொன்னார், "சரியாத்தான் சொன்ன, தபீதா. அவரு அடிச்சப்புறம் சொல்லியிருக்கலாம்."

"யார் மொறன்னு எனக்கு இன்னா தெரியும்? ரெண்டு பேருந்தான் போச்சே, போச்சேன்னு சொல்லிக்கினு இருந்தீங்க."

அத்தையால் தோற்றாரா, இல்லையா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான்.

மறுநாள் மாலை செயலாளர் மாமாவோடு ஆட வந்தார். கடைசிக் கறுப்பு வந்தது. மாமா அடித்தார். உள்ளே விழுந்துவிட்டது.

"என்ன எலியேசர்?" என்றார் செயலாளர்.

மாமா குழியையே பார்த்தபடி நின்றார். "தெரியல சார்" என்றார்.