மூன்றாம் கூண்டின் ஆண் எலிகள்

1985 பெப்ரவரி 11, திங்கள். நுவரெலியா, ஆய்வுக்கூட விலங்கறை. முதலாம் கூண்டு: உப்புநீர் ஊசி. இரண்டாம் கூண்டு: யோஹிம்பின். மூன்றாம் கூண்டு: இமிப்ரமின். நான்காம் கூண்டு: இரண்டும். பெண் எலிகள் விடப்பட்டபின் அரை மணி நேர அவதானிப்பு. எந்தக் கூண்டிலும் இணைசேர்க்கை இல்லை.

இமிப்ரமின் மனச்சோர்வுக்கான மருந்து. அது ஆணின் பாலியல் ஆற்றலைக் குறைப்பதுண்டு. அக்குறையை, பாலுணர்வைத் தூண்டும் யோஹிம்பினால் ஈடுசெய்ய இயலுமா என்பதே எங்கள் கேள்வி. மருந்தே பெறாத முதலாம் கூண்டும் முடங்கிக் கிடந்தால் ஆய்வுக்குப் பொருளில்லை. நான் ஊசி அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்க, தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் குடியிருந்த விலங்கறைப் பணியாளர் அந்தோனிமுத்து ஓர் எலியின் வாலைத் தொட்டுப் பார்த்தார்.

"ஐஸ் மாதிரி இருக்குங்க சார். இந்தக் குளிருல எங்க லயத்து ஆம்பளைங்களே கம்பளிய வுட்டு வரமாட்டாங்க. எலிய மட்டும் குத்தஞ் சொல்லலாங்களா?"

சன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, பல்புகளை எரியவிட்டார். மறுவாரம் முதலாம் கூண்டு இயல்புக்குத் திரும்பியது. மூன்றாம் கூண்டு அப்படியே இருந்தது. நான்காம் கூண்டில் சில எலிகள் தேறின. எங்கள் முறை சரியானது என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை.

முந்தைய ஆண்டு மகளைப் பறிகொடுத்த அந்தோனிமுத்துவை ரயில் பாதையிலிருந்து எங்கள் ஊழியர்கள் மீட்டு வந்திருந்தனர். கண்டி மருத்துவர் ஒருவர் தந்த இமிப்ரமினால்தான் அவர் மீண்டும் சிரிக்கத் தொடங்கியிருந்தார். ஏப்ரலில் அந்தச் சிரிப்பு நின்றது. சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். விசாரித்ததில், மூன்று வாரமாக மாத்திரை போடவில்லை என்றார். காரணம் கேட்டேன். நான்காம் கூண்டு ஊசி மனிதருக்கு ஆகுமா என்று மட்டும் கேட்டார். ஆகாததற்கான காரணங்களை நான் வரிசையாக விளக்கினேன். கூண்டைக் கழுவியபடியே முழுவதையும் கேட்டார்.

"நானும் மூணாங் கூண்டுதாங்க சார். சம்சாரம் ஒண்ணுஞ் சொல்லல. அதாங்க தாங்க முடியல."

அந்த மாத்திரைகளை மாதந்தோறும் வாங்கிக் கொடுத்தவன் நானே. எலிகளிடம் வாரந்தவறாமல் பதிவு செய்ததை அவரிடம் ஒருமுறையும் கேட்டதில்லை.

ஊசியை நான் கொடுக்கவில்லை. அது சரியான முடிவு. மறுநாள் அவருடன் கண்டிக்குப் போனேன். மருத்துவர் முன் அவர் வாய் திறக்காததால், நானே ஒளிவின்றிச் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார் மருத்துவர்.

"நீங்க கேக்கலீங்களே ஐயா," என்றார் அந்தோனிமுத்து.

மருந்து மாற்றப்பட்டது, அளவும் குறைக்கப்பட்டது. ஆவணிக்குள் அவர் தேறினார். நான் ஓய்வுபெறும்வரை என்னுடன் பணியாற்றினார். சென்ற மாதம் இதயநோயால் காலமானார்.

இளம் மருத்துவர்கள் நோயாளி தாமாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். உறக்கத்தையும் பசியையும் விசாரிக்கும் அதே குரலில் இதையும் விசாரியுங்கள்.

செய்யாமல் விட்டவை:

பெண் எலிகளில் இம்மருந்தின் விளைவை ஆராய்தல்.

மருந்துச் சீட்டுடன் தருவதற்கு, தோட்ட மக்களின் பேச்சிலேயே ஒரு பக்கக் கேள்வித்தாள் எழுதுதல்.

அந்தோனிமுத்துவின் மனைவியைப் போய்ப் பார்த்தல். அடக்கத்துக்கும் நான் போகவில்லை.