ரயில்வே வீட்டுக்குப் போட்ட வரி

சட்டக் கல்லூரியில் படிக்கும் என் மகள் பரீட்சைக்காக உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்கா என்ற தேசம் நடைபழகிய நாளில் இருந்த ஒரு தலைமை நீதிபதியைப் பற்றி. தேசத்தின் வங்கிமீது ஒரு மாநிலம் வரி போட்டது. செல்லாது என்றாராம் அவர். வரி போடுகிற கை கழுத்தையும் நெரிக்கும், அதனால் தேசத்தின் கழுத்தில் மாநிலம் கைவைக்கக் கூடாது என்று. சோறு வடிக்க மறந்து நின்றேன். அந்தக் கையை எனக்குத் தெரியும். என் நைனாவின் கை.

கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எங்கள் ஊரில் நைனா ஊராட்சி எழுத்தர். வீட்டுவரி வசூலில் எங்கள் ஊர்தான் கடைசி என்று ஒன்றியக் கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். திரும்பி வந்தவர் கண்ணில் பட்டது, ஸ்டேஷன் மாஸ்டர் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ். நோட்டீஸ் எழுதி என்னிடமே நீட்டினார்.

"நீதான் தெனமும் அங்கயே கெடக்கிறியே, குட்துட்டு வா."

அங்கே கிடந்தது ஸ்டேஷன் மாஸ்டர் மகளுக்காக. வரி கேட்டு வருகிறவர் பெண் என்று என்னையும், வெளியூர்க்காரி என்று அவளையும் ஊர்ப்பிள்ளைகள் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. எனக்கு அவள், அவளுக்கு நான். அவ்வளவுதான் எங்கள் ஊர்.

அவள் அப்பா படித்துவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மா, உங்க நைனா எஞ்சினுக்கும் வரி கேப்பாரா?"

அதை அப்படியே வீட்டில் வந்து ஒப்பித்தேன். மறுநாள் அவர்கள் வீட்டுக் குழாய்க்கு ஊராட்சித் தண்ணீர் நின்றது.

"கட்டட்டும், தொறக்கறேன்," என்றார் நைனா.

அவள் தண்டவாளம் தாண்டிப் போய் அடிபம்பில் தண்ணீர் பிடித்துச் சுமந்தாள். அந்தப் பக்கம் போகக் கூடாதென்று எனக்குத் தடை. தனியே பாண்டி ஆடினேன். என் சில்லையும் நானே எறிந்தேன், அவள் சில்லையும் நானே. அவள் முறை வரும்போது மட்டும் கோட்டை மிதிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து மேலேயிருந்து கடிதம் வந்தது. ரயில்வே வீடு மத்திய அரசின் சொத்து. ஊராட்சி வரி போட முடியாது. நைனா குழாயைத் திறந்துவிட்டு வந்து, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அம்மாதான் எனக்கு விளக்கினாள்: "அது டெல்லிக்காரங்க ஊடாம். இவங்க சும்மா குந்திக்கினு கீறாங்க."

ஓடினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று ஓடினேன். வாசலில் அவரைக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏய், வரி கட்ட வேணாம்! இது உங்க ஊடே இல்லியாம்! சும்மா குந்திக்கினு கீறீங்களாம்!"

குவளையை மெல்லக் கீழே வைத்தாள்.

"அப்ப எங்க ஊடு எங்க கீது?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நல்ல சேதி சரியாகக் காதில் விழவில்லை போலும் என்று நினைத்து, சாத்திய கதவுக்கு முன்னால் நின்று, இன்னும் உரக்க, இன்னொரு முறை சொன்னேன்.